பட்டியலில் நான்காவது பெயர்

ஆடிட்டர் மறுபடியும் பட்டியல் கேட்டிருக்கிறார். புதிய வருமான வரிச் சட்டம் வருகிறதாம். பழைய பிரிவு எண்கள் போய் வேறு எண்கள், பழைய படிவங்கள் போய் வேறு படிவங்கள். எங்களிடம் வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரிகள் ஒவ்வொருவரின் பெயர், பான் எண், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்து அனுப்ப வேண்டும். மூன்று நாளாகப் பட்டியல் மேசையில் கிடக்கிறது. நான்காவது வரிக்கு வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். அலுவலகத்தில் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில், ஒரு சிமெண்ட் கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் முதலாளி, நான், ஒரு கணினி, மழைக்காலத்தில் உப்பிப்போகும் ஒரு மர அலமாரி. முதலாளி கட்டட காண்டிராக்டர். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், ரேஷன் கடை, வசதியானவர்களின் வீடு என்று எதையும் விடமாட்டார். எடுத்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொத்து வேலையை ஒரு மேஸ்திரிக்கும், சென்ட்ரிங்கை ஒருவருக்கும், பெயிண்டை ஒருவருக்கும் விட்டுவிடுவார். அந்த மேஸ்திரிகளுக்குப் பணம் கொடுக்கும்போது நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். பிடிப்பதும் கட்டுவதும் கணக்கு எழுதுவதும் என் வேலை. பி.காம். படித்ததற்கு இந்த ஊரில் இதற்குமேல் என்ன கிடைக்கும் என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு புதிய விதி வந்தது. ஆடிட்டர் போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆதாரோட இணைக்காத பான் கார்டு, கார்டே இல்லாத மாதிரி. அவங்களுக்கு நூத்துக்கு ஒண்ணு இல்லம்மா, நூத்துக்கு இருபது புடிக்கணும். புடிக்காம வுட்டீங்கன்னா அதை உங்க மொதலாளிதான் கட்டணும். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

முதலாளிக்கு அன்றே தூக்கம் போய்விட்டது. எனக்கு ஒரு மாதம் போனது. எங்கள் மேஸ்திரிகளுக்குச் சுவர் ஒரு நூல் சாய்ந்தால் கண்ணால் பார்த்தே தெரியும், பான் கார்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. ஒருவர் கார்டை அடகுக் கடைக்காரரிடம் கொடுத்துவைத்திருந்தார். இன்னொருவர் கார்டை எலி கடித்திருந்தது, அதையும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொருவருக்கும் தாமதக் கட்டணம் ஆயிரம் கட்டி, ஓடிபி எந்த போனுக்குப் போகிறது என்று தேடி, அந்த போன் மேல்மலையனூரில் மச்சான் வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு வழியாக ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டு வந்தேன். நான்காவது பெயருக்கு டிக் அடிக்க முடியவில்லை. அந்த மேஸ்திரி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதை நான் சொல்லியாக வேண்டும். அவர் இறந்தது எனக்குத் தெரியும். வல்லத்தில் ஒரு வீட்டு வேலையில், பத்து மணி டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பெரிய ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டார். மாலை வாங்கிக்கொண்டு அவர் ஊர் தொண்டூருக்குப் போனவள் நான். அப்படியும் அடுத்த சனிக்கிழமை அவர் பெயரில்தான் பில் போட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போட்டேன்.

காரணம் அவருடைய ஆட்கள். எட்டு பேர் கொண்ட குழு, எல்லாரும் சொந்தக்காரர்கள். வருகிற பணத்தை ஆளுக்கொரு பங்கு என்று பிரித்துக்கொள்வார்கள். மேஸ்திரிக்கு மட்டும் ஒன்றரைப் பங்கு, அதைத் தலைப்பங்கு என்பார்கள். அவர் போன பிறகு குழுவை நடத்தியது அவருடைய சித்தப்பா மகன், நல்ல கொத்தனார். தலைப்பங்கு அவனுக்குத்தான் சேர வேண்டும். அவன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

"அண்ணன் சேத்த ஆளுங்க, அண்ணன் குழு. தலைப்பங்கு அண்ணி கைக்குத்தான் போவும். பில்லு அண்ணன் பேர்லயே இருக்கட்டும்" என்று முதலாளியிடம் வந்து சொன்னான். முதலாளிக்கு வேலை நடந்தால் சரி. அந்த அண்ணியும் அதே குழுவில் சித்தாள், சிமெண்ட் சட்டி சுமப்பவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இறப்புச் சான்றிதழை விதவை உதவித்தொகைக்காகத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்தார்கள். வங்கியில் கொடுக்கவில்லை. பணம் மேஸ்திரியின் கணக்குக்கே போகும், அக்கா ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பார். ஓர் அலுவலகத்தில் இறந்தவர் இன்னோர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். சட்டப்படி தப்பு. தெரிந்தேதான் செய்தேன். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை. வெட்கப்படுவதெல்லாம் அதற்குப் பிறகு நான் சரியாகச் செய்தவற்றுக்குத்தான்.

அமாவாசையன்று எங்கள் பக்கம் கட்டட வேலை கிடையாது. கரண்டியைத் தொட மாட்டார்கள். அதனால் பேச வேண்டியதையெல்லாம் அன்றைக்கு வைத்துக்கொள்வோம். மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்பு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போக, மாடியில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். முதலாளி, நான், அக்கா, அந்தக் கொத்தனார் கொழுந்தன். அக்கா நாற்காலியில் உட்காரவில்லை, கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி சுருக்கமாக முடித்தார். "இனிமே அவுரு பேர்ல போட முடியாதும்மா. கவர்மெண்டு கண்டுபுடிச்சுடும். வேலைய இவன்தானே பாக்குறான், இவன் பேர்ல போட்டுடலாம். இவன் கார்டு கரெக்டா இருக்குது."

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி சொன்னா சரி" என்றான்.

"போடுங்க சார்" என்றார் அக்கா. "அவன் எனக்குக் குடுக்காமலா பூடுவான்?"

அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. எங்கள் நைனா இறந்த பிறகு எங்கள் வீட்டு வரி ரசீதைப் பெரியப்பா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். "குடுக்காமலா பூடுவேன்?" என்று எங்கள் அம்மாவிடம் அவரும் இதையேதான் சொன்னார். அம்மா நம்பினாள். நாங்கள் அந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கையெழுத்து, ரசீது, பெயர் என்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்றைக்கும் வந்தது.

"அக்கா பேர்லயே போட்டா இன்னா சார்?" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். கொழுந்தன் முதல் முறையாகத் தலையைத் தூக்கினான். அக்கா, "எனக்கு இன்னாத்துக்கும்மா பேரு?" என்று சிரித்தார். கூச்சத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "சும்மா இருக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று உரிமையோடு அதட்டினேன். நாளைக்கு யார் எப்படி மாறுவார்கள் என்று யாருக்குத் தெரியும், பெயர் கையில் இருந்தால்தான் பங்கு கையில் இருக்கும் என்றெல்லாம் பேசினேன். அந்தக் கொழுந்தனை வைத்துக்கொண்டே பேசினேன். முதலாளிக்கு யார் பெயரானாலும் நூற்றுக்கு ஒன்றுதான் என்பதால் ஒப்புக்கொண்டார். அக்கா ஒப்புக்கொண்டாரா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்குப் பான் கார்டு வாங்க ஆதார் வேண்டும். ஆதாரில் இருந்த போன் நம்பர் கணவருடையது, அது எப்போதோ செத்துப்போயிருந்தது. நம்பர் மாற்ற அவர் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுத் தபால் அலுவலகத்தில் வரிசையில் நின்றார். ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை, இன்னொரு நாள் விரல் ரேகை விழவில்லை. சிமெண்ட்டில் தேய்ந்த விரல் எந்த மெஷினில் விழும்? கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பினேன், மூன்றாம் நாள் விழுந்தது. கார்டு தபாலில் வந்ததும் நேரே என்னிடம் கொண்டுவந்தார்.

"நீயே வெச்சுக்கோம்மா. எங்க வூடு ஒழுவுது."

என் மேசை டிராயரில் வைத்தேன். நான்காவது வரியில் அவர் பெயரை எழுதி டிக் அடித்தேன். அன்று மாலை பஸ்ஸில் போகும்போது எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. செஞ்சியிலேயே முதல் பெண் மேஸ்திரியை நான் உண்டாக்கிவிட்டதாக நினைப்பு. யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் தளம் போடுகிற நாளில் வீட்டுக்காரர் மேஸ்திரிக்கு வேட்டியும் துண்டும் வைத்து மரியாதை செய்வார். மேஸ்திரி இறந்த பிறகும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. கொழுந்தன் தட்டிலிருந்து வாங்கிக்கொள்வான், சாயங்காலம் அப்படியே மடிப்புக் கலையாமல் அக்கா கையில் கொடுத்துவிடுவான். பெயர் மாறிய பிறகு வந்த முதல் தளத்துக்கு, ஜல்லி பில் சரிபார்க்க நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் தட்டோடு வந்து, "மேஸ்திரி யாரு?" என்று கேட்டார்.

முதலாளி விளையாட்டாக, "பேப்பர்படி பாத்தா அந்த அம்மாதான்" என்று கை காட்டினார். அக்கா தலையில் சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன், "மேஸ்திரிம்மா, வேட்டி கட்டிக்கிறியா?" என்று கத்தினான். அக்காவும் சிரித்தார். வீட்டுக்காரர் குழம்பிப்போய்த் தட்டைக் கொழுந்தனிடம் நீட்டினார். அவன் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் அதைத் தோளோடு கொண்டுபோனான். வேட்டியையும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அவன் மேல் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்தாயா, புத்தியைக் காட்டிவிட்டான் என்று நினைத்தேன். யோசித்துப் பார்க்க எனக்கு வெகுநாள் பிடித்தது. இறந்த அண்ணனுக்குக் கீழே நிற்க அவனுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை. யாரும் சொல்லாமலே தன் பங்கை விட்டுக்கொடுத்தவன் அவன். அவனை வைத்துக்கொண்டே நீ மாறிவிடுவாய் என்று சொன்னது நான். பிறகு ஊரே சிரிக்கும்படி அண்ணிக்குக் கீழே நிறுத்தியதும் நான். அவன் அந்தப் பொங்கலுக்குள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வேறு காண்டிராக்டரிடம் போய்விட்டான். சண்டை எதுவும் போடவில்லை. "அண்ணிக்கிட்ட சொல்லிட்டேன்" என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

மீதியிருந்தவர்களில் தனியாகச் சுவர் எடுத்துக் கட்டத் தெரிந்தவர் யாருமில்லை. பூச்சு வேலை, சில்லறை வேலை என்று கொஞ்ச நாள் ஓடியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வருடம் முடிந்ததும் அக்கா பெயரில் பிடித்த நூற்றுக்கு ஒன்றையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். அவருடைய வருமானத்துக்கு வரியே கிடையாது, கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்பி வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் அவர் பணம் எதற்கு அரசாங்கத்திடம் இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நானே தாக்கல் செய்தேன். குழுவுக்கு வந்த பில் முழுவதும் அவருடைய வரவாகவே அதில் நின்றது. வேறு வழியில்லை, பெயர் அவருடையது.

பணம் திரும்பி வந்தது. அக்கா ஒரு மஞ்சள் பை நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்தார். "உங்கையால வந்த பணம்மா" என்றார். முதலாளியும் நானும் இரண்டு நாள் அந்தக் கடலையைத் தின்றோம்.

அடுத்த இரண்டு மாதத்தில் அவருடைய விதவை உதவித்தொகை நின்றது. முதல் மாதம் தாமதம் என்று நினைத்திருக்கிறார். இரண்டாம் மாதம் தாலுகா அலுவலகத்தில் விசாரித்ததற்கு, "நீங்க இன்கம்டாக்ஸ் கணக்குக் காட்டுறவங்க, காண்டிராக்ட் எடுக்குறவங்கன்னு கம்ப்யூட்டர்ல வருது. உங்களுக்கு எப்டிம்மா ஆதரவற்றவர்னு குடுக்கறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா அங்கிருந்து நேரே எங்கள் மாடிக்கு வந்தார். கணுக்கால் வரை சிமெண்ட் காய்ந்திருந்தது.

"காண்டிராக்டருன்றாங்கம்மா என்னை" என்றார். சிரிப்பு வருவதுபோல வாயை வைத்துக்கொண்டு சொன்னார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். பிள்ளையார் வேண்டும் என்று அக்கா கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனு எழுதினேன். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்கு, மனு வாங்கும் திங்கட்கிழமைகளில் இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனேன். கூலி வேறு, வரவு வேறு, எட்டு பேர் பணம் ஒருவர் பெயரில் வந்தது என்று விளக்கினேன். அப்படியானால் மற்ற ஏழு பேருக்குக் கொடுத்ததற்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். அண்ணன் தம்பிகள் சனிக்கிழமை பங்கு பிரித்ததற்கு யார் ரசீது வாங்குவார்கள்? கேட்டவரும் நியாயமாகத்தான் கேட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

உதவித்தொகை திரும்ப வரவில்லை. அதன்பின் அக்கா எங்களிடம் வரவில்லை, யார் கூப்பிட்டாலும் போகிற தினக்கூலிச் சித்தாளாகிவிட்டார். கடைத்தெருவில் எதிரே வந்தால் நான் வாழைப்பழக் கடைக்குள் நுழைந்துவிடுவேன். வீட்டில் தினமும் வாழைப்பழம் எதற்கு என்று கேட்டார்கள்.

நேற்று, பட்டியலை முடித்தே ஆக வேண்டும் என்று முதலாளி கத்திய பிறகு, டிராயரைத் திறந்து அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வேலையில் அக்கா இருப்பதாகச் சொன்னார்கள். கலவைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இளைத்துவிட்டார். தலையில் சும்மாடு, சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. அது அவர் கணவருடையதாக இருக்க வேண்டும்.

என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இந்தப் பக்கம்?" என்றார். நேற்றுப் பார்த்தவரைக் கேட்பதுபோலக் கேட்டார்.

வழியெல்லாம் யோசித்துவைத்ததை ஒரே மூச்சில் சொன்னேன். புதிய சட்டம் வருகிறது, பட்டியலை மாற்றுகிறோம், உங்கள் பெயர் இன்னும் அதில் இருக்கிறது. "வெக்கட்டாக்கா, எடுத்துடட்டா? நீ இன்னா சொல்றியோ அதத்தான் செய்வேன்."

அக்கா சும்மாட்டை இறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"அன்னிக்கு இதக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா" என்றார்.

"இன்னா சொல்லியிருப்பக்கா?"

"அவன் பேர்லயே போடுன்னு. சொன்னேனே, உங்க காதுல எங்க வுழுந்துது?"

மேலிருந்து யாரோ கலவை கேட்டுக் கத்தினார்கள். அக்கா குனிந்து சட்டியின் ஒரு விளிம்பைப் பிடித்தார். தூக்கிவிடுகிற ஆள் பக்கத்தில் இல்லை. "எடுத்துடும்மா பேர" என்று சொல்லிவிட்டு, "இத்த செத்த தூக்கி வுடு" என்றார்.

கார்டைச் சட்டியோடு சேர்த்துப் பிடிக்க முடியாமல் வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்கி அவர் தலையில் வைத்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. அக்கா கழுத்தைச் சரிசெய்துகொண்டு சாரத்தில் ஏறினார். கார்டைக் கொடுக்க மறந்து கையிலேயே கொண்டுவந்துவிட்டேன்.